மூணாவது சார்ஜ்

மொரப்பூர் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர், தான் ஓட்டும் வாடகைக் காரின் பழைய பேட்டரியைக் காலடியில் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த லாரி டிரைவரிடம் கத்தினார்.

"இந்த மாசம் மூணாவது வாட்டி சார்ஜுக்குத் தூக்கிட்டுப் போறேனுங்க! காலைல இடுப்பு வலி எடுத்த பொண்ண ஏத்தறேன், ஸ்டார்ட்டே ஆவல. மாட்டு வண்டியில போச்சு. டைனமோவ மாத்தியும் இதே கதி. அந்த மெக்கானிக்க ஒதைக்கணும்!"

"வண்டி நிக்கறப்ப ஏதாச்சும் லைட்டு எரியுதுங்களா?"

"ஒண்ணுமில்ல. மாதா படத்துக்கு முன்னால சின்ன பல்பு மட்டும். பேட்டரியிலருந்து நேரா ஒயர் இழுத்து நாந்தான் போட்டேன்."

"அதாங்க பேட்டரிய உறிஞ்சுது. மொதல்ல அத அணைங்க."

"அணைக்கறதா? வண்டி நடுவழியில நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான்யா அத ராத்திரி பகலா எரிய விட்டிருக்கேன்!"