பச்சையைக் கண்டு பயந்த அக்கா

மேடையின் நடுவே மெத்தை வைத்த நாற்காலியில் வீற்றிருந்து, நான் என்ன உளறப் போகிறேனோ என்று இப்போதே வியர்த்துக்கொண்டிருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே! அவர் வியர்ப்பதைக் கண்டு மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்த துணைவியார் அவர்களே! முன்வரிசையை முந்திவந்து பிடித்த மூத்தோர்களே! "ஆபீஸ்லதான் இருந்தேன்" என்று கணவன்மார் சொல்வது மெய்தானா என்று நேரில் பார்த்துப் போக வந்திருக்கும் தாய்மார்களே! என் குரலை நம்பாமல் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்த ஒலிபெருக்கிக்காரரே! அனைவரையும் வணங்கி, அதே மூச்சில் அனைவரையும் கொஞ்சம் சந்தேகித்து, என் உரையைத் தொடங்குகிறேன்.

நான் யார்? இந்த நிறுவனத்தில் கையேடு எழுதுகிறவன். அதாவது, மற்றவர்கள் செய்ததை எனக்குப் புரியாமல் எழுதி, உங்களுக்கும் புரியாமல் பார்த்துக்கொள்கிறவன்.

எங்கள் சரக்கு என்ன? மெய்நிகர் இயந்திரம்! பயப்படாதீர்கள், தாயே. ஒரே கணினிக்குள் பல கணினிகளைக் குடிவைக்கும் மென்பொருள் அது. வீட்டை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடுவதில்லையா, அதேதான். ஒரு குடித்தனக்காரர் எல்லோருடைய தண்ணீரையும் திறந்துவிட்டுத் தீர்த்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக ஒவ்வொரு இயந்திரத்தைக் கிளப்பும்போதும் கறுப்புத் திரையில் கட்டளையாக ஒரு வரி எழுதுவோம். முதலில் மென்பொருளின் பெயர். அதன் வாலாக நம் நிபந்தனைகள்: இவ்வளவு நினைவகம் (அதுதான் இங்கே தண்ணீர்) கொடு, இவ்வளவு இடம் கொடு, இணையத்தில் சேர்க்காதே. இந்த வாலுக்கு ஆர்கியுமென்ட் என்று பெயர். கடையில் "ஒரு டீ" என்று சொல்லிவிட்டு, "சர்க்கரை வேண்டாம், ஸ்ட்ராங்கா" என்று சேர்த்துக்கொள்கிறோமே, அந்த "ஸ்ட்ராங்கா"தான் ஆர்கியுமென்ட்!

எத்தனை விதமான நிபந்தனைகள்! அத்தனையையும் கையால் எழுதி எழுதிப் பார்க்க மனித விரல் தாங்குமா? தாங்காது. அதனால் ஒரு சோதனை நிரல். இயந்திரத்தை அதுவே கிளப்பும், அதுவே பார்க்கும். சரியென்றால் சுவர்ப் பலகையில் பச்சை, தவறென்றால் சிவப்பு. அந்த நிரலை எழுதியவர் யார்? தலைவரின் மைத்துனர்! அவர் கை வைத்த நாளிலிருந்து பலகையில் சிவப்பே கிடையாது. அதனால் அவருக்கு ஆபீஸ் முழுவதும் "பச்சை மச்சான்" என்று பெயர். துணைவியார் அம்மா, உங்கள் தம்பியைச் சொன்னதும் முறைக்காதீர்கள். பெயர் வைத்தது நானில்லை, பரப்பியது மட்டுமே நான்.

பச்சையைப் பார்த்தால் எல்லோருக்கும் பரவசம். பரிசோதனைப் பிரிவின் தலைவியான எங்கள் சந்தேக அக்காவுக்கு மட்டும் பயம். ஆபீஸ் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, இரண்டையும் நம்பாமல் போனைப் பார்க்கிறவர் அவர். நான் "குட் மார்னிங்" சொன்னால் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

புதிய பதிப்பு வெளியாக வேண்டிய நாள். முதல் வாடிக்கையாளர் ஒரு மருத்துவமனை. அக்கா "சரி" என்று ஒரு சொல் சொன்னால் போய்விடும். சொல்லவில்லை. தலைவர் தன் அறைக்கு அழைத்தார். தண்ணீர் பிடிக்கும் இடம் அந்த அறை வாசலில் இருப்பதால் எனக்கு எப்போதுமே தாகம் அதிகம். ஆகவே கேட்டது.

"ஏம்மா, எல்லாம் பாஸ். சந்தோஷமா இருக்காம, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறியே?"

"எல்லாம் பாஸ் ஆகுது சார். அதான் பயமா இருக்கு."

"ஃபெயிலானாத்தான் உனக்குத் தூக்கம் வருமா?"

"சார், குட்டி மெஷின் கிளம்பவும் பெரிய மெஷின் கிளம்பவும் ஒரே அளவு நேரம்தான் ஆகுது. சின்ன ரூமைப் பெருக்கவும் பெரிய ஹாலைப் பெருக்கவும் ஒரே நேரமா ஆகும்?"

"மதியத்துக்குள்ள சரின்னு சொல்லு. இல்லன்னா நாளைக்கு உன் சீட்ல மச்சான் உக்காருவான். அவ்வளவுதான்."

வெளியே வந்தால் மச்சான் நிற்கிறார். "அக்காவுக்குப் பச்சைன்னாலே ஒத்துக்காது. கீரைகூட சாப்பிட மாட்டாங்கபோல!" என்றார். ஆபீஸ் சிரித்தது. அக்காவுக்குப் பொறாமை என்றது ஒரு வாய். பதவி பயம் என்றது ஒரு வாய். இரண்டு வாயும் என்னுடையதுதான் என்று சிலர் சொல்கிறார்கள். ஆதாரம் இல்லை.

அவையோரே! அக்கா பதில் பேசாமல் நின்ற அந்தக் கணத்தில் எனக்கு ஓர் உண்மை உறைத்தது: மௌனத்தின் மதில்மேல் மலர்கின்ற மின்னலே, மானுடத்தின் மாறாத மூலதனம்!

அடடா, என்ன கைதட்டல்! நன்றி, நன்றி. தலைவர்கூடத் தலையாட்டுகிறார். மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். தோள்வலியாக இருக்கும். போகட்டும், கதைக்கு வருகிறேன்.

அக்கா நேராகப் போய் மச்சானின் நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டம் கூடியது. தலைவரும் வந்தார்.

"தம்பி, நினைவகமே குடுக்கலன்னா மெஷின் ஓடுமா?"

"எப்படிக்கா ஓடும்? மூச்சே வராதே."

நினைவகம் பூஜ்யம் என்று எழுதிச் சோதனையை ஓட்டினார். பார்த்தோம். பச்சை!

"என்னமோ கோளாறு. இன்னொரு தடவை போடுங்கக்கா," என்றார் மச்சான். அக்கா இந்த முறை உலகத்தில் எந்த மென்பொருளுக்கும் தெரியாத ஒரு நிபந்தனையை எழுதினார்: மச்சானுக்குக் கல்யாணம், உடனே. பச்சை! பளபளவென்று பச்சை! அன்று அந்த அறையில் சிவந்தது மச்சானின் முகம் மட்டும்தான்.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?" என்றார் தலைவர்.

"அது வந்து மாமா... ஒரு தடவை உங்க முன்னாடியே ஓட்டிக் காட்டறப்போ, தெரியாத ஆர்கியுமென்ட்டுன்னு நடுவுல நின்னு போச்சு. மானமே போச்சு. அதான், தெரியாதது வந்தா சத்தம் போடாம தூக்கிப் போட்டுட்டு மேல போன்னு எழுதிட்டேன்."

புரிகிறதா? இயந்திரத்துக்குப் போக வேண்டிய நிபந்தனைகள் எதுவுமே அந்த நிரலுக்குத் தெரியாது. தெரியாததை இயந்திரத்திடம் சேர்க்க வேண்டியதுதானே முறை? இது வழியிலேயே வீசிவிட்டது! சர்க்கரை வேண்டாம் என்றாலும் அதே டீ, ஸ்ட்ராங்காக என்றாலும் அதே டீ. டீ வந்ததா? வந்தது. போடு பச்சை! குடித்துப் பார்த்தவர் யார்? ஒருவரும் இல்லை!

"அப்போ இவ்வளவு நாளா எதைத்தாம்மா டெஸ்ட் பண்ணோம்?"

"ஒரே டெஸ்ட்டைத்தான் சார். பேரை மாத்தி மாத்தி."

அந்த வரியை நீக்கினார்கள். தெரியாததை இயந்திரத்திடமே கொடு, அதற்கும் தெரியாவிட்டால் நின்று கத்து என்று மாற்றி எழுதினார்கள். ஓட்டினார்கள். பலகை முழுக்கச் சிவப்பு! நினைவக வரம்பு வேலையே செய்யவில்லை. ஒரு குடித்தனக்காரர் மொத்தத் தொட்டியையும் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். அதுவா மருத்துவமனைக்குப் போக இருந்தது? எல்லோரும் தலையில் கை வைத்தோம். அக்கா மட்டும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "உன் சீட்ல நீயே உக்காரு. பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு இவனையும் உக்கார வை."

உட்கார வைத்தார். ஒவ்வொரு சிவப்பாகச் சரிசெய்தார்கள். இன்று அந்தப் பதிப்பு வெளியாகிறது. அதற்குத்தான் இந்த விழா, இந்த விளக்கு, என்னைப் போன்ற விபத்து. இன்று காலைகூட அக்கா பூஜ்யத்தைக் கொடுத்துப் பார்த்தார். "முடியாது" என்று சிவந்தது. அதன் பிறகே "சரி" என்றார்.

ஆகவே சொல்கிறேன்! எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதை நம்பாதீர்கள்! எப்போதும் பச்சை காட்டுவதைப் பார்த்துப் பரவசப்படாதீர்கள்! இல்லை என்று சொல்லத் தெரியாத வாய் சொல்லும் ஆமாமுக்கு என்ன அர்த்தம்? என்ன மதிப்பு? மறுக்க வேண்டியதைக் கொடுத்துப் பாருங்கள். மறுத்தால் நம்புங்கள்!

தட்டுகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அக்காவோடு பழகிய தோஷம், எனக்கு உங்கள்மீதே சந்தேகம். சற்றுமுன் மௌனத்தின் மதில்மேல் மலர்கின்ற மின்னல் என்றேனே, அதற்கு என்ன அர்த்தம்? எனக்கும் தெரியாது! காலையில் பல் தேய்க்கும்போது வாயில் வந்ததைக் கோத்தேன். அதற்குத்தான் அத்தனை கைதட்டல். அதற்குத்தான் தலைவர் தலையாட்டினார்!

மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டிருந்தவர் பக்கத்திலிருந்த மச்சானிடம், "என்ன சொல்றாரு இவரு? ஒண்ணுமே புரியலையே," என்று அப்போது கேட்டது மேடைவரை எட்டியது. அவர் வேறு யாருமில்லை, நம் சந்தேக அக்காதான். அக்கா, எழுந்து நில்லுங்கள். அவையோரே, இப்போது தட்டுங்கள்!

பாருங்கள், இவ்வளவு கைதட்டலிலும் வேறு யாருக்கோ என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறார்.

கேட்டதற்கும், கேட்டதுபோல் இருந்ததற்கும் நன்றி கூறி, நாளை தொட்டியில் தண்ணீர் தீராமல் இருக்கப்போகும் அந்த மருத்துவமனையை வாழ்த்தி, உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி விடைபெறுகிறேன். மைக்கை அணையுங்கள், ஒலிபெருக்கிக்காரரே. அணைந்துவிட்டதா என்று ஒருமுறை தட்டியும் பாருங்கள்.