நூறு நாள் தாங்கும் கண்ணாடி

மூன்று மாத வாடகைக்கு வீடு விடுவதில் உள்ள பெரிய சௌகரியம், குடிவருகிறவர்களின் பெயரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான். சிமெண்ட் ஆலை ஃபிட்டர், கல் பொறுக்க வந்த காலேஜ் பையன்கள், பரீட்சைக்குப் படிக்கிற டீச்சர் என்று வேலையைச் சொல்லிக் கூப்பிட்டாலே போதும். பெயர் வாயில் பழகுவதற்குள் டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "செவுரு விழும்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் எழுதுங்க ஓவர்சியரே." எழுதுகிறேன். ஆனால் முப்பத்துநான்கு வருடம் அரசாங்கக் கட்டடங்களுக்கு அறிக்கை எழுதிய கை இது. ஒரு வரியில் நிறுத்தினால் கோபித்துக்கொள்ளும். எனவே வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

ரிட்டயர் ஆவதற்கு முன்பே, அரியலூரில் நானே நின்று கட்டிய வீடு. வீடு நின்ற இடத்திலேயே நின்றது, மாவட்டம்தான் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. பெரம்பலூர் மாவட்டம் என்றார்கள், அரியலூர் மாவட்டம் என்றார்கள், ஒரு வருடத்தில் திரும்பவும் பெரம்பலூர் என்றார்கள். மனைவி போன பிறகு முன்வீட்டை வாடகைக்கு விட்டு, நான் பின்னால் ஓர் அறையில் இருந்துகொண்டேன்.

குறுகிய காலக் குடித்தனம் என்பது லேசான விஷயம் இல்லை. ஒரு சர்வேயர் வந்தார். அவர் குறட்டை விட்டால் ஸ்டேஷனில் நிற்க வேண்டிய ரயில், சிக்னல் என்று நினைத்துக் கிளம்பிவிடும். கல் பொறுக்கும் காலேஜ் பையன்கள் கல்லாகிப்போன கடல் நத்தை, மீன் பல் என்று மூன்று லாரிக்குக் கல் சேர்த்தார்கள். அவர்கள் போன பிறகு வீட்டுத் தரை அரை அடி உயர்ந்துவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எல்லோருக்கும் ஆணி அடிக்க வேண்டும், எல்லோருக்கும் தண்ணீர் போதாது, எல்லோரும் "இன்னும் ஒரே மாசம் சார்" என்பார்கள். நான் ஒருவருக்கும் நீட்டித்துக் கொடுத்ததில்லை. ஊரில் எனக்குக் கறார் நடராசன் என்றே பெயர்.

அந்தக் கறாருக்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் கரிசல் மண். கோடையில் வெடித்துச் சுருங்கும், மழையில் ஊதும். 1999 கோடையில் முன்வீட்டின் மேற்குச் சுவரில், படுக்கையறைப் பக்கம், ஒரு விரிசல் கண்டது. கட்டட வேலையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் பூசி, பக்கத்தில் தேதி எழுதிவிட வேண்டும். சுவர் சும்மா இருந்தால் கண்ணாடி சும்மா இருக்கும். சுவர் நகர்ந்தால் உடையும். கண்ணாடி வளைந்து கொடுக்காது, சமாதானமும் பேசாது.

முதல் கண்ணாடி நூறு நாள் தாங்கியது. அடுத்தது தொண்ணூற்றாறு. மூன்றாவது நூற்றிரண்டு. ஆகவே வாடகைக் காலம் மூன்று மாதம் என்று வைத்தேன். ஒரு குடித்தனம் போனதும் விரிசலை அடைத்து, வெள்ளையடித்து, புதுக் கண்ணாடி ஒட்டி, அதன்மேல் ஒரு தேதிக் காலண்டரை மாட்டிவிடுவேன். யாராவது சத்தம் கேட்டதாகச் சொன்னால், "சொரங்கத்துல வெடி வைக்கிறாங்க, ஒண்ணும் இல்ல" என்பேன். சுரங்கத்துக்கும் இந்தச் சுவருக்கும் சம்பந்தம் கிடையாது.

ஒரே குடும்பத்தை ஆறு வருடம் அந்தச் சுவருக்குக் கீழே படுக்க வைப்பதுதான் அநியாயம். இருபத்துமூன்று குடும்பங்களுக்கு ஆளுக்கு மூன்று மாதம் என்று பிரித்துக் கொடுத்தேன். பாரம் ஒரே இடத்தில் விழக்கூடாது என்பது கட்டடக் கலையின் முதல் பாடம். இருபத்துமூன்று பேரும் என்னைத் திட்டிக்கொண்டேதான் காலி செய்தார்கள். ஒருவராவது நன்றி சொன்னாரா என்றால், இல்லை.

இருபத்துநான்காவதாக வந்தவர்களின் பெயர்தான் பழகிவிட்டது. 2006 பிப்ரவரியில் வந்தார்கள். ஜெயப்பிரகாஷ், சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். அவன் மனைவி சிந்தாமணி, ஐந்து மாதம். வளைகாப்பு முடிந்ததும் அவள் தா.பழூருக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், கணக்கு சரியாக இருக்கும் என்று நினைத்தேன். நடந்தது தலைகீழ். ரத்தம் குறைவாக இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட, அவள் அம்மா மருதாயி துணி மூட்டையோடு இங்கே வந்து இறங்கினாள்.

"ரெண்டே மாசம் சார்," என்றான் ஜெயப்பிரகாஷ். "புள்ள பொறந்து பதினாறாம் நாள் தீட்டு கழிச்சதும் கெளம்பிடுறோம்."

"மூணு மாசம்னா மூணு மாசம்தான்பா."

"மாசமா இருக்கிற புள்ளய எங்க சார் இழுத்துக்கிட்டு அலையறது?"

ஏப்ரல் முடிந்தது. அவர்கள் போகவில்லை. எனக்கு வந்த எரிச்சலை எழுத இந்தப் பேப்பர் போதாது. மோட்டாரை ரிப்பேர் என்று சொல்லி நிறுத்தினேன். மருதாயி தெருக் குழாயில் பிடித்து வந்தாள். தங்களுக்கு இரண்டு குடம், எனக்கு ஒரு குடம். "வயசான காலத்துல நீங்க ஏன்யா கொடம் தூக்கணும்?" என்றாள். கொல்லையில் பாம்பு பார்த்தேன் என்றேன். "அதுங்களோடதான்யா நாங்க நடவே நட்டோம்," என்றாள். கடைசியில், இந்த வீட்டில் முன்பு மூன்று பேர் தூக்குப் போட்டுக்கொண்டார்கள் என்று சிந்தாமணியிடம் சொன்னேன்.

"மூணு பேரா சார்? போன வாரம் ரெண்டு பேருன்னீங்களே. நடுவுல ஒருத்தரு வந்தாரா?"

சிரித்தாள். சாயங்காலம் மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். இப்படிப்பட்டவர்களை எப்படித்தான் காலி செய்ய வைப்பது?

ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே போயிருப்பார்கள். ஆனால் அது அவர்களோடு போகாது, ஊருக்குள் போகும். மற்றவர்கள் கட்டியதை இடிக்கச் சொல்லி எழுதியவன் நான். ஓவர்சியர் கட்டிய சுவரே பிளந்து நிற்கிறது என்று டீக்கடையில் பேசுவார்கள். என் இடத்தில் இருந்தால் அதை நீங்களும் பொறுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

மே மாதம் பத்தாம் தேதி வாக்கில் சிந்தாமணி என்னைக் கூப்பிட்டாள். பிரசவத் தேதியைக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்து, தினம் ஒரு தாளாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கிழிக்கும்போது காலண்டர் ஆணியோடு வந்துவிட்டது.

"சார், இதுக்குப் பின்னாடி யாரோ கண்ணாடி ஒட்டியிருக்காங்க. ரெண்டா ஒடஞ்சி கெடக்கு. புள்ள தவழ்றப்ப கையில குத்திடுமே?"

"தவழ்ற வரைக்கும் இங்கியே இருக்கப் போறியாம்மா?"

"நீங்க வெரட்டற வெரட்டுக்கு அதுவரைக்கும் இருக்க முடியுமா சார்?"

கண்ணாடி உடைந்து எத்தனை நாளாகிறது என்று எனக்குத் தெரியவில்லை. விரிசலுக்குள் என் சுண்டுவிரல் நுழைந்தது. குழந்தை வரப்போகிற வீட்டில் உடைந்த கண்ணாடி இருப்பது ஆபத்து. எனவே குறடு கொண்டுவந்து சில்லுகளைப் பிடுங்கி, இடத்தைச் சுரண்டி, சுண்ணாம்பு பூசினேன். புதிதாக ஒன்று ஒட்டவில்லை. ஒட்டினால் அது எப்போது உடையும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வாரமே மருதாயி, காற்று வருமே என்று கட்டிலைக் கிழக்கு ஜன்னல் பக்கம் நகர்த்தப் பார்த்தாள். நகர்த்தினால் கட்டிலுக்குப் பின்னால் தரை வரைக்கும் இறங்கியிருக்கும் விரிசல் தெரிந்துவிடும். "தரை கீறும், இருந்த இடத்துலயே இருக்கட்டும்," என்றேன். அவளும் கட்டிலைப் பழையபடி சுவரோடு தள்ளிவிட்டாள்.

மே இருபத்திரண்டும் இருபத்துமூன்றும் கோடை மழை. இருபத்துநான்காம் தேதி காலை பதினொரு மணி. ஜெயப்பிரகாஷ் ஆலையில் இருந்தான். மருதாயி தெருக் குழாயில் மூன்றாவது குடத்தை, அதாவது என்னுடைய குடத்தை, நிரப்பிக்கொண்டிருந்தாள். சிந்தாமணி டாக்டர் சொன்னபடி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இடது பக்கம் திரும்பினால் முகம் சுவரைப் பார்த்து இருக்கும்.

சத்தம் பெரிதாக இல்லை. சுரங்க வெடி இதைவிடப் பலமாகக் கேட்கும்.

உங்கள் ரைட்டர் இறந்தவர் ஒன்று என்று எழுதி, அடித்து, இரண்டு என்று எழுதி, அதையும் அடித்தார். பிறக்க இருபது நாள் இருந்ததை எப்படி எழுதுவது என்பது அவர் பாடு. என்னிடம் கேட்டால் நான் பிப்ரவரியில் மூன்று மாதம் என்று தெளிவாகச் சொன்னேன் என்பேன். அவர்கள் மட்டும் சொன்ன நாளில் காலி செய்திருந்தால், இந்த நிமிடம் நீங்களும் நானும் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்போம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேற்குச் சுவரைக் கட்டும்போது அஸ்திவாரத்தைக் கரிசலிலேயே இரண்டடியில் நிறுத்திவிட்டேன். காண்ட்ராக்டர் யாராவது அப்படிச் செய்திருந்தால் இடிக்கச் சொல்லியிருப்பேன். 1999-இல் முதல் கண்ணாடி உடைந்த வாரமே அந்த அறையிலிருந்து என் கட்டிலை வெளியே எடுத்துவிட்டேன். பிறகு பின்னால் எனக்கென்று ஓர் அறை கட்டினேன். அதற்கு ஏழடி தோண்டி, கரிசல் முடிந்து கெட்டியான சுக்காங்கல் தட்டிய பிறகுதான் அஸ்திவாரம் போட்டேன். அந்தச் சுவரில் நான் கண்ணாடி ஒட்டவில்லை. தேவைப்படவில்லை.