இளஞ்சூடு

எண்ணூறு வருஷமாக ஆறிக் கிடந்த ஒரு ஹம்மாமை, பொதுக் குளியல்கூடத்தை, ஒற்றைத் தீக்குச்சியில் எழுப்பி உட்கார வைத்தவன் நான். நம்பமாட்டீர்கள் என்று தெரியும். மழை பெய்கிறது என்று நான் சொன்னால் என் மனைவி இஜ்ஜாவே கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடித்துணியை எடுப்பாள். தேநீருக்கு நன்றி, அதிகாரி ஐயா. புதினா நன்றாக இருக்கிறது. சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி.

நாற்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஹம்மாமில் நான் உலைக்காரன். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் குளிப்பார்கள். இந்தப் பக்கம் நிலவறையில் நான் மரத்தூளும் ஒலிவப் பிண்ணாக்கும் அள்ளிப் போடுவேன். முகம் பார்த்ததில்லை. வாளியால் சுவரில் ஒரு தட்டு தட்டினால் இன்னும் சூடு வேண்டும் என்று அர்த்தம். இரண்டு தட்டினால், 'போதும்' என்று அர்த்தம். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. உங்கள் தாயாரின் கல்யாணக் குளியலுக்கு நெருப்புப் போட்டவனும் நான்தான். அன்றைய சூட்டில் வாசலில் நின்ற கழுதைக்குக்கூட மருதாணி பிடித்தது.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு வசவு உண்டு. திருடன் என்று சொல்லுங்கள், குடிகாரன் என்று சொல்லுங்கள், சிரித்துக்கொண்டு போவோம். 'இளஞ்சூடு' என்று மட்டும் சொல்லக் கூடாது. அந்தச் சொல் விழுந்த உலைக்காரன் வேறு ஊர் பார்த்துப் போய்விட வேண்டியதுதான்.

ஒலிவத் தோப்பில் அந்தப் பழைய ஹம்மாமைத் தோண்டியெடுக்க ரபாத்திலிருந்து வந்தார் தொல்லியல் பேராசிரியர் உஸ்தாத் ஜவாத் ஸ்கல்லி. நல்ல மனிதர். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். ஆறு வருஷம் தோண்டினார். பிறகு அதை அருங்காட்சியகமாக்கி, வேலையை விட்டு உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு தொப்பி கொடுத்து, உலை வாயருகே நிறுத்தினார். திறப்பு விழா வரும் திங்கட்கிழமை என்று முடிவாகியிருந்தது. புகைவழிகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் துலக்க வைத்தார். என் அப்பன்கூட அவ்வளவு சுத்தமாகத் துலக்கியதில்லை. புறா நுழையக் கூடாதென்று கூரையின் நட்சத்திரத் துளைகளுக்கெல்லாம் கண்ணாடி பதித்தார். வெப்ப அறைக்குப் பழைய பாணியிலேயே கனமான தேவதாருக் கதவு. வெளியே குறுக்குக் கட்டை. எல்லாம் அவர் செய்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பலகை வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. சீட்டுக் கொடுக்கும் சுகைனாதான் வாசித்துக் காட்டினாள். 'உலை சிறியது. வெப்ப அறை இளஞ்சூட்டைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை.' மூன்று மொழியில் எழுதியிருந்தது. உலகம் முழுக்க வந்து படிக்கும்.

மாலைத் தேநீர் வேளையில் எல்லோரும் இருந்தபோது கேட்டேன்.

"உஸ்தாத், அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க. இந்த உலைக்கு ஒரு மணி நேரம் போதும். மனுஷன் நிக்க முடியாது."

"ஹாஜி, போன வாரம் உங்க பாட்டனார் நெருப்பைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாருன்னீங்க. அதையும் பலகையில போட்டுடவா?"

"போடுங்க உஸ்தாத்," என்றாள் சுகைனா. "அப்படியே அந்த நெருப்புக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னும் கேட்டுப் போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நெருப்பின் பெயர் மஸ்ஊதா. நான் சொல்லவில்லை.

பந்தயம் கட்டியது அவர்தான். "வெள்ளிக்கிழமை யாரும் வரமாட்டாங்க. நீங்க பத்த வைங்க, நான் உள்ள உக்காந்து வெப்பமானியப் பாக்குறேன். நாப்பதைத் தொட்டா பலகைய மாத்துறேன், போதுமா?" என்றார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரும்போது கையில் ஒரு மண்ஜாடி. ஆட்டுக்கறி, பூண்டு, சீரகம், உப்பு எலுமிச்சை. ஜாடியின் வாயில் காகிதம் கட்டியிருந்தது. "இதையும் சாம்பல்ல புதைச்சு வைங்க, ஹாஜி. உங்க இளஞ்சூட்டுல என்னிக்கு வேகுதுன்னு பாப்போம்."

ஜாடியை வாங்கிக்கொண்டேன். வாங்கிய ஜாடியை வேகாமல் திருப்பிக் கொடுப்பது எங்கள் தொழிலில் இல்லை. அதற்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

ஒற்றைத் தீக்குச்சி என்று சொன்னேன். அதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. அதற்கு முந்தைய ஒரு வாரமும் சாயங்காலத்தில் எல்லோரும் போன பிறகு சிறு தீ போட்டுக் கல்லைப் பழக்கி வைத்திருந்தேன். புதன்கிழமை உஸ்தாத் வெறுங்காலோடு அந்தத் தரையில் நடந்து, "இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி" என்றார். நான் ஆமாம் என்றேன்.

சூடு நிற்க வேண்டுமானால் கதவைச் சாத்த வேண்டும். "சாத்துங்க, ஹாஜி" என்று அவர் வாயாலேயே சொன்னார். கட்டை தானாக விழுந்தது என்று காலையில் உங்களிடம் சொன்னேன். தேவதாருக் கட்டை தானாக விழாது. இரண்டு கையாலும் தூக்கிப் போட வேண்டும். சுவரின் புகைக்குழாய்களில் விரிசல் இருந்ததும், மேலே அடைத்தால் புகை அதன் வழியே அறைக்குள் இறங்கும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவற்றின் மேல்வாய்களில் வியாழக்கிழமை ஈரச் சாக்கைத் திணித்தேன். சூடு வீணாகக் கூடாதல்லவா.

உலைக்கும் வெப்ப அறைக்கும் நடுவே பழைய மண்குழாய் ஒன்று சுவருக்குள் ஓடுகிறது. பேசினால் கேட்கும். முதலில் அவர் அதன் வழியே பாடினார். கொஞ்ச நேரத்தில், "முப்பத்தஞ்சு, ஹாஜி. பரவாயில்லையே" என்றார். பிறகு இருமினார். பிறகு சுவரைத் தட்டத் தொடங்கினார்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு தட்டு என்றால் கூட்டு. இரண்டு தட்டு என்றால் போதும். அவர் தட்டியதை எண்ணவே முடியவில்லை. எண்ணிக்கையில்லாத தட்டுக்கு எங்கள் தொழிலில் அர்த்தம் கிடையாது. ஆறு வருஷம் ஹம்மாமைத் தோண்டியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஜும்ஆவுக்கு பாங்கு சொன்னபோது தட்டல் நின்றிருந்தது. நெருப்பை விட்டுப் போக முடியாததால் தொழுகை தவறியது. நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு ஜும்ஆகூட விட்டதில்லை. அது மட்டும் மனதை உறுத்துகிறது. இஜ்ஜா ஏழு காய் போட்ட கூஸ்கூஸ் கொண்டுவந்தாள். "உள்ள யாரு?" என்று கேட்டாள். "உஸ்தாத் குளிக்கிறாரு" என்றேன். வழக்கம்போல நம்பவில்லை. "உனக்கு வேற வேலையில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வரைக்கும் ஒரே சீராகத் தூள் போட்டேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு ஜாடியைச் சாம்பலிலிருந்து எடுத்தேன். கதவை அதற்குப் பிறகுதான் திறந்தேன். வெப்பமானி அவர் கையிலேயே இருந்தது. நாற்பத்தெட்டு.

நீங்களும் அந்த ஜாடியைத் திறந்து பார்த்தீர்கள், ஐயா. தொட்டதும் எலும்பிலிருந்து கறி கழன்று வந்தது. இளஞ்சூட்டில் அப்படி வேகாது. ஓரத்தில் ஒரு துண்டு குறைந்திருந்தால், அது நான் ருசி பார்த்தது. உப்பு எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்.

நான் கொடியவன் இல்லை. எனக்கு அவரிடமிருந்து வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. நான் சொன்னது பொய்யில்லை என்று ஒரு தடவை, ஒரே ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் கட்டையை அப்போதே தூக்கியிருப்பேன். இதை அல்லாஹ் அறிவான்.

"கடைசிவரை அவர் ஒத்துக்கவே இல்லையா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

ஒப்புக்கொண்டார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. கறி அப்போதுதான் நீர் விடத் தொடங்கியிருந்தது. குழாயில் வாயை வைத்து, மரியாதையாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"சூடேறிடுச்சு, ஹாஜி. நீங்க சொன்னபடியே நடந்துடுச்சு. நான் ஒத்துக்கிறேன்."