துண்டு போட்ட இடம்

அத்தான்: ...அதைத்தான் கேக்குறேன். டிஸ்க் நிரம்பி வழியுற வரைக்கும் நீ என்ன பண்ணிட்டிருந்த?

மச்சினன்: மூணு நாளா சொல்லிட்டேதான் இருக்கேன், அத்தான். நீங்கதான்...

அத்தான்: இங்க அத்தான் பொத்தான்னு கூப்பிடாத. இந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அத்தனையும் என் பொறுப்பு. நீ உங்க அக்கா புண்ணியத்துல உள்ள நுழைஞ்சவன்.

மச்சினன்: சரி சார். ஸ்கேன் ரூம்ல ஒருத்தங்களுக்கு மருந்து ஏத்திப் படம் எடுத்தாச்சு. சர்வர்ல ஏத்த இடமில்ல. மெஷின்ல பத்து நிமிஷம்தான் நிக்கும், அப்புறம் அழிஞ்சிரும்.

அத்தான்: அழிஞ்சா மறுபடி எடுக்கட்டும்.

மச்சினன்: அந்த மருந்தை இன்னொரு தடவை அவங்க உடம்பு தாங்காதாம்.

அத்தான்: ஆமா, தாங்காது... வீட்ல உங்க அக்கா இல்ல? ரெண்டு மாசமா தலைவலின்னு ஒரே நாடகம். தள்ளு அந்தப் பக்கம். பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, ஆபத்துக்குன்னு அம்பது ஜிபில ஒரு வெத்து ஃபைல் போட்டு வச்சிருக்கேன். அதைத் தூக்குனா இடம் தன்னால வரும். உன் மண்டைல இதெல்லாம் எங்க ஏறப்போகுது.

மச்சினன்: அதைத் தூக்கிப் பிரயோசனமில்ல...

அத்தான்: வாயை மூடு. என் பாஸ்வேர்டைப் போட்டாச்சு... அழிச்சாச்சு. இப்பப் பாரு.

மச்சினன்: பாக்குறேன்.

அத்தான்: என்னடா இது... இன்னும் நூறு சதவீதம்னே காட்டுது.

மச்சினன்: நீங்க அன்னிக்கு அடிச்ச கமாண்டு ‘ட்ரன்கேட்’. அது ஃபைலோட அளவை அம்பதுன்னு எழுதி வைக்கும், அவ்வளவுதான். டிஸ்க்ல இடம் பிடிக்காது. இடம் பிடிக்கணும்னா ‘ஃபாலொகேட்’ அடிக்கணும். துண்டு போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் துண்டைத் தோள்லயே வச்சிருக்கீங்க.

அத்தான்: தெரிஞ்சிருந்தும்... ஏன்டா சொல்லல?

மச்சினன்: சொன்னேனே. ‘எனக்கே பாடமா’ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க. அழிக்கிற உரிமையையும் பிடுங்கிட்டீங்க. அதான் பேசாம உங்க ஃபைலுக்குப் பக்கத்துலயே நானும் ஒண்ணு போட்டேன். நிஜமான அம்பது. நகருங்க, உங்க பாஸ்வேர்டு திறந்துதானே இருக்கு... தூக்கியாச்சு. படம் ஏறுது... ஏறிருச்சு.

அத்தான்: ஏதோ குருட்டு அதிர்ஷ்டம். யாரு இது... படத்துல பேரே போடல, வெறும் விலாசம். பதினேழாம் நம்பர், மூணாவது மாடி... டேய், இது நம்ம வீடுடா.

மச்சினன்: அக்காதான். சொன்னா நாடகம்னு சிரிப்பீங்கன்னு, பேரைக்கூட எழுத வேண்டாம்னுட்டா... போங்க, வெளிய வர்ற நேரம். போய் அவ பக்கத்துல நில்லுங்க. தயவுசெஞ்சு எதுவும் பேசிடாதீங்க, அத்தான்.