எமன் குரலுக்கு நான் செய்த வைத்தியம்

நான் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை. என் கணையம் சோம்பேறி, இன்சுலின் சுரக்க அதற்கு மனமில்லை. அதனால் நுவரெலியாவில் ஹோட்டல் வேலைக்குப் போன என் மகள் லோஜினி, சீனிக்குப் பதிலாகப் போடுகிற குட்டி வெள்ளை மாத்திரைகளை வாங்கி அனுப்புகிறாள். ஒன்று போட்டால் ஒரு கோப்பை இனிக்கும். கோயில் கமிட்டி என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டது செல்லசாமியின் உடம்பைப் பற்றித்தான். ஆனால் இந்த மாத்திரையை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

நான் வீரய்யா. எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் காமன் கூத்துக்கு இருபத்திரண்டு வருடமாக மாஸ்டர். இது கமிட்டிக்குத் தெரிந்ததுதான் என்றாலும் எழுத்தில் இருக்கட்டும்.

செல்லசாமி எங்கள் லய வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரர். ஒன்பது மாசியாக அவர்தான் எமன். முதல் வருடம் சுமாரான எமன். பிறகு வருடத்துக்கு வருடம் அவர் முகம் ஊதியது, கண்ணிமை தடித்தது, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இறங்கியது. அவர் "அடே மன்மதா" என்றால் முன்வரிசைப் பிள்ளைகள் பின்வரிசைக்கு ஓடும். கீழ் டிவிஷன் எமன் மைக் பிடித்துப் பேசுகிறவர். எமலோகத்தில் ஏது மைக்? நம்முடையவருக்கு அது தேவைப்படவில்லை. அவருடைய நடிப்பு முதிர்கிறது என்று நான் நினைத்தேன். நினைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன ஆடியில் அவர் மனைவி பேச்சியம்மா அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். புருஷன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எந்நேரமும் தூங்குகிறார் என்பது அவள் முறைப்பாடு. அங்கே இரத்தம் எடுத்துப் பார்த்து, கழுத்துக்குள் தைரொயிட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அது வேலை நிறுத்தம் செய்கிறது, முகமும் குரலும் அதனால்தான் இப்படி என்று சொல்லிவிட்டார்கள். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. அதுதான் பிரச்சினை. கார்த்திகைக்குள் செல்லசாமி பாதியாகிவிட்டார். முகத்தில் எலும்பு தெரிந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தார். ஒத்திகையில் "அடே மன்மதா" என்று கூப்பிட்டார். பாலர் வகுப்புப் பிள்ளை தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பது போல இருந்தது. மன்மதனாக நடிக்கும் கிஷாந்த் சிரித்துவிட்டான். சாக வேண்டியவன் சிரித்தால் கூத்து என்ன ஆவது?

"மாஸ்டர், ஒடம்பு இப்ப பஞ்சு மாதிரி இருக்குங்க" என்றார் செல்லசாமி.

எமனுடைய உடம்பு பஞ்சு மாதிரி இருக்கக் கூடாது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் மனம் புண்படும்.

எனக்கும் அவருக்கும் கிளினிக் ஒரே நாளில். பஸ் செலவு எதற்கு என்று அவருடைய கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய் மருந்து வாங்கி வருவது நான்தான். அங்கே மாத்திரைகளை எண்ணிக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். அவருடைய மாத்திரையும் குட்டி, வெள்ளை. மார்கழி கிளினிக் முடிந்து நோர்வூட் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அக்கா தங்கை மாதிரி இருந்தன. வீட்டுக்கு வந்ததும் அவருடைய உறையில் என் மாத்திரைகளை மாற்றி நிரப்பினேன். அடுத்த கிளினிக்கிலும் அப்படியே. நான் அவருக்கு விஷம் கொடுக்கவில்லை. ஒன்றைக் கொடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். எடுத்த மாத்திரைகளை வீணாக்கவும் இல்லை. எழுபத்து நான்கு இருக்கின்றன. இத்துடன் இணைத்திருக்கிறேன்.

"இந்த மாச மருந்து இனிக்குதுங்களே மாஸ்டர்" என்றார் ஒருநாள்.

"கம்பெனி மாத்தியிருப்பாங்க" என்றேன்.

தைப்பொங்கலுக்குள் குரல் இறங்கத் தொடங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. முகம் ஊதியது. கிரீடம் மறுபடியும் இறுக்கமாக உட்கார்ந்தது. குளிருகிறது என்றார், தை மாதத்தில் இங்கே யாருக்குக் குளிராது? முடி கொட்டுகிறது என்றார், கிரீடத்துக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? மலம் போகவில்லை என்றார், வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். வசனம் மறந்தது. குறைத்துக் கொடுத்தேன். ஒரு மாஸ்டர் தன் நடிகனுக்கு இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

மாசி பௌர்ணமி விடியற்காலை, மன்மதன் உயிரைக் கொண்டுபோக எமன் வந்தார். கம்பளிக்குள் இரண்டு பேர் எருமையாக நடக்க, அதன் மேல் செல்லசாமி. "அடே மன்மதா" என்றார். ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. கீழ் டிவிஷன்காரர்களே வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாசக்கயிறும் சரியாக விழுந்தது.

இரண்டாவது வசனம் வரவில்லை. எமன் தூங்கிவிட்டார். வசனம் வரும் என்று எருமை மூன்று சுற்றுச் சுற்றியது. கழுத்தில் கயிறோடு மன்மதனும் பின்னால் மூன்று சுற்றுச் சுற்றினான். கூட்டம் கைதட்டியது. நான் உலுக்கிப் பார்த்தேன். உடம்பு பச்சைத்தண்ணீராக இருந்தது, கண் திறக்கவில்லை. அப்போது எனக்குப் பயம் வந்தது. செல்லசாமி செத்துப்போவாரோ என்று நிஜமாகவே பயந்தேன். இரண்டாவது வசனத்தை நானே சொல்லி முடித்துவிட்டுத்தான் லொறியைக் கூப்பிட்டேன். மன்மதன் தலையைப் பிடிக்க, ரதி காலைப் பிடிக்க, எமனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம்.

இரத்தம் பார்த்த டாக்டர் அம்மா, மாத்திரை போடவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். ஒருநாளும் விட்டதில்லை என்று அழுத பேச்சியம்மா, மடியிலிருந்த உறையை எடுத்துக் காட்டினாள். டாக்டர் அம்மா ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு பேச்சியம்மாவும் வைத்துப் பார்த்தாள். அதன் பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்றார்களாம். கூத்து அன்றோடு முடிகிறது. இன்னும் ஒரு வாரம் என் திட்டத்திலேயே இல்லை என்பதைக் கமிட்டி கவனிக்க வேண்டும்.

செல்லசாமி பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். இப்போது பேச்சியம்மாவே மாத்திரையை வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறாள். என்னோடு அவள் பேசுவதில்லை. அது நியாயம்தான். நான் தப்பு செய்தேன். கேட்காமல் செய்தேன். அதற்குக் கமிட்டி என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

நேற்று அவள் கொழுந்தெடுக்கப் போன பிறகு செல்லசாமி என் காம்பராவுக்கு வந்தார். பழையபடி குரல் மெலிந்துவிட்டது. கொஞ்ச நேரம் அழுதார், நானும் அழுதேன். "என்னா மாஸ்டர் இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே மாத்திரையை நிப்பாட்டியிருப்பேனே" என்றார். அப்படி மனம் திறந்து சொல்கிறவரிடம் கேட்காமல் விடுவது மரியாதையில்லை. ஆகவே அடுத்த மாசிக்காகக் கேட்டேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை. இந்தக் கடைசிப் பந்தியை மட்டும் பேச்சியம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம் என்று கமிட்டியைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.