இரைச்சல் சங்கத்தின் வருகைப் பதிவேடு

நம் கூட்டங்களில் கொடுக்கும் பிஸ்கட் நன்றாக இருக்கும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், பிஸ்கட் விஷயத்தில்கூட நான் சங்கத்தை ஏமாற்றியவன் இல்லை என்பது பதிவாக வேண்டும். மிச்சமானதை டப்பாவில் போட்டு மூடி அலமாரியில்தான் வைப்பேன். இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்தவன், ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

இந்தச் சிறப்புக் கூட்டத்துக்கு முதல்முறையாக வந்திருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இது மின்காந்தக் குறுக்கீட்டுச் சங்கத்தின் கிளை. ஒரு கருவி கிளப்பும் மின் இரைச்சல் இன்னொரு கருவியைக் கெடுத்தால் அது குறுக்கீடு. பல கருவிகள் ஒன்றையொன்று தொல்லை செய்யாமல் ஒரே இடத்தில் பிழைத்தால் அது இணக்கம். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை இந்த நூலக மாடியில் கூடி இதைப் பற்றிப் பேசுவோம். வெளியே நம்மை இரைச்சல் சங்கம் என்கிறார்கள். என் மனைவி, "மாசாமாசம் இணக்கத்தப் பத்திப் பேசுறீங்க, வீட்ல ஒரு நாளாவது என் பேச்சுக்கு இணங்குனது உண்டா?" என்று கேட்பாள். அவளையும் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். ஒருமுறைகூட வந்ததில்லை.

போன வருடம் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்குப் பதினைந்து பேருக்குக் குறைவாக வந்தால் கிளையை மூடிவிட வேண்டும் என்று உத்தரவு. ஹாலைச் சதுரங்கக் குழுவுக்குக் கொடுக்க நூலகர் தயாராக நின்றார். அடுத்த கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்ததற்கு எட்டு பேர், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

நம் தலைவர், தன் தலைவலியைக்கூட டெசிபலில் சொல்வதால் நாம் டெசிபல் என்று அழைக்கிறவர், அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏழெட்டுக் கையெழுத்த நீங்களே போட்டு விட்ருங்களேன். யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். எனக்கு உடம்பே கூசிவிட்டது. அடுத்தவர் கையெழுத்தைப் போடுவது மோசடி. என்னை அப்படி யாரும் வளர்க்கவில்லை. கிளையைக் காப்பாற்ற நேர்மையான வழி ஒன்றுதான் இருந்தது. ஆட்கள் உண்மையாகவே வர வேண்டும். வருவதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும்.

என்னிடம் பெட்டி மாதிரித் திறக்கும் எழுதும் அட்டை ஒன்று உண்டு. மேலே தாளை வைத்து எழுதலாம், உள்ளே பொருள் வைக்கலாம். உள்ளே நான் இரைச்சல் கிளப்பும் ஒரு சின்ன மின்சுற்றும் பேட்டரியும் வைத்தேன். ஓரத்தில் கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி ஒரு சுவிட்ச். அதைத் தள்ளினால் என்னைச் சுற்றி முப்பது மீட்டருக்கு ரேடியோ இரையும், கார் சாவியின் பொத்தான் வேலை செய்யாது, ரிமோட் கேட்டுகள் திறக்காது. தினமும் மாலையில் அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கப் போனேன். மருத்துவர் என்னை நடக்கச் சொல்லியிருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து நாளில் ஊர் முழுக்க இதே பேச்சு. கடைத்தெருவில் பெரிய மனிதர்கள் தங்கள் சொந்தக் காரின் முன்னால் நின்று சாவியை நீட்டி நீட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. காரணம் கேட்டு மூன்றாவது கூட்டத்துக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். நாற்காலி போதாமல் கீழேயிருந்து பெஞ்ச் தூக்கி வந்தோம். கிளை பிழைத்தது. டெசிபலின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கூட்டம் சேர்ந்தால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிக்காமல் விடுவார்களா? டெசிபல் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். நான் அதே அட்டையில் மீட்டர் காட்டியதை எழுதிக்கொண்டே போனேன். சீக்கிரம் ஒரு மூலத்தைக் காட்டியாக வேண்டும், இல்லையென்றால் சங்கத்தின் மானம் போய்விடும். ஊரான் வயிற்றில் அடிப்பது பாவம். சொந்தக்காரன் என்றால் பொறுத்துக்கொள்வான். என் மனைவியின் தம்பி, என் மச்சினன், கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் துடுக்கு. "மாமா, உங்க சங்கத்துல பிஸ்கட் மட்டும்தான் உருப்படி" என்று ஒருமுறை பந்தியில் எல்லோர் முன்னாலும் சொன்னான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கால் வலிக்கிறவனைப் போல அவன் பட்டறைச் சுவரில் சாய்ந்து சுவிட்சைத் தள்ளினேன். ஆன்டெனா என் பக்கம் திரும்பியது. முள் எகிறியது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சுவரில் சாய்ந்திருப்பவனை யார் பார்ப்பார்கள்? நகராட்சிக்குச் சங்கத்தின் பெயரில் நானே அறிக்கை எழுதினேன், ஒரு பிழை இல்லாமல். பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். அவன் தெருவில் நின்று, "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க மாமா, என் மெஷின் அப்படிப் பண்ணாது" என்றான். அளவு பொய் சொல்லாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அன்றே பேட்டரியைக் கழற்றிவிட்டேன். இரைச்சல் நின்றது. எனக்கு நன்றித் தீர்மானம் போட்டீர்கள், கை தட்டினீர்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் பத்து பேர்.

பேட்டரியைத் திரும்பப் போட்டேன். இரைச்சல் திரும்பி வந்ததால் மச்சினன் குற்றமற்றவன் என்று நிரூபணமாயிற்று. அவனுக்கு நல்லது செய்யவும் நான் தயங்கியதில்லை. ஆனால் வைத்த சீலை எடுக்க நகராட்சிக்கு அவசரம் ஏது? பட்டறையில் வாங்கியிருந்த வேலைகள் கைவிட்டுப் போயின. கையிலிருந்த பெரிய மெஷினை விற்றான். ஐந்து மாதமாக எங்கள் வீட்டு முன்னறையில்தான் படுக்கிறான். சாப்பாடு இறங்குவதில்லை, நெஞ்செலும்பு தெரிகிறது. அக்காவும் தம்பியும் சமையலறையில் மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள்.

வேலையில்லாதவன் எங்கே போவான்? கூட்டத்துக்கு வர ஆரம்பித்தான். முதல் வரிசையில் உட்கார்ந்து, நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டான். வருகையில் ஒன்று கூடியதில் எனக்கு மகிழ்ச்சி. அவன் கேட்டதற்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். சந்தேகம் வருகிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார், எதை அணைத்தால் இரைச்சல் நிற்கிறதோ அதுதான் மூலம் என்ற பாலபாடத்தையும் நான்தான் சொன்னேன்.

போன கூட்டத்தில் மைக் இரைந்தது. கூட்டம் களைகட்டட்டும் என்று நான்தான் அட்டையின் சுவிட்சைத் தள்ளியிருந்தேன். விளக்கு, விசிறி, டீ கொதிக்கும் பாத்திரம் எல்லாவற்றையும் அணைத்தாயிற்று. எல்லோருடைய செல்போனும் அணைந்தது. மீட்டர் முள் இறங்கவில்லை. மச்சினன் எழுந்தான். "எல்லாத்தையும் அணைச்சாச்சு. ஆளுங்கள ஒவ்வொருத்தரா மாடிய விட்டுக் கீழ அனுப்பிப் பாக்கலாமா?"

சிரித்தீர்கள். ஆனால் போனீர்கள். ஒருவர் இறங்குவார், முள் அசையாது, ஏறி வருவார். என் முறை வந்தது. சுவிட்சை அணைத்திருக்கலாம், கட்டைவிரல் அதன் மேல்தான் இருந்தது. ஆனால் சோதனை நடக்கும்போது மூலத்தில் கை வைப்பது முறையல்ல. வாழ்நாள் முழுக்க அந்தத் தப்பை நான் செய்ததில்லை. எழுதும் அட்டையோடு இறங்கினேன். மூலைக் கடை வரைக்கும் நடந்து திரும்பி வந்தேன். படியேறியபோது, இறங்கிக் கிடந்த முள் எல்லோர் கண்முன்னாலும் மறுபடி எகிறியது. மச்சினன் கை நீட்டி அட்டையை வாங்கிக்கொண்டான். "ஏன் மாமா?" என்று மட்டும் கேட்டான். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியதைத்தான் இப்போது வாசிக்கிறேன்.

ஆமாம், இரைச்சல் நான்தான். பட்டறை மூடியதற்கும் நான்தான் காரணம். வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் ஹாலைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அறுபத்துநான்கு பேர். படிக்கட்டில்கூட நிற்கிறார்கள். கிளை தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. மூடுவதற்கு இனிக் காரணமே இல்லை என்று இன்றைய நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்க வேண்டுகிறேன்.

அறுபத்துநான்கில் என் மனைவியும் ஒருத்தி. இருபத்திரண்டு வருடத்தில் இன்றைக்குத்தான் படியேறி வந்திருக்கிறாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். பதிவேட்டை நீட்டினேன், பேனாவைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் என்ன, அவள் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன்.