இன்மை அறிக்கை

கீழே சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று என் முழங்கால் மாத்திரை டப்பாவின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். அதைவிடப் புனிதமான பொருள் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. நீங்கள் இருவரும் பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து நடந்தே வந்தீர்களாமே, அது தப்பு. சொல்லியிருந்தால் மருமகன் காரில் வந்திருப்பார். விசாரணை என்றாலும் விருந்தாளி விருந்தாளிதான்.

என் பெயர் கஸ்தூரிரங்கன். வயது எழுபத்தாறு. சென்னைத் தலைமைச் செயலகத்தில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். எங்கள் பிரிவுக்கு ஆய்வு வருகிறது என்றால், நிலுவையில் எத்தனை கோப்பு என்று முன்கூட்டியே கேட்பார்கள். ‘இல்லை’ என்று எழுதி அனுப்பிவிடுவோம். அதற்கு இன்மை அறிக்கை என்று பெயர். ஆய்வு நாளுக்குள் அலமாரி காலியாகிவிடும். எப்படிக் காலியாகிறது என்று நானும் கேட்டதில்லை, அலமாரியும் சொன்னதில்லை. ஆகவே நான் எழுதிய எந்த அறிக்கையும் ஆய்வு நாளன்று பொய்யாக இருந்தது கிடையாது.

எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டுப் புடவைக்கடை ஒன்றின் மாடியில் திருமூர்த்தி என்பவர் கன்சல்டிங் கம்பெனி வைத்திருக்கிறார். முன்பு புரோகிராமர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். விசா கெடுபிடி வந்ததும், அரசாங்கங்களுக்கு அறிக்கை எழுதிக்கொடுக்கும் தொழிலுக்கு மாறிவிட்டார்.

“சார், ஒரு ஐலண்ட் கவர்மெண்ட். யாரையும் டார்ச்சர் பண்ண மாட்டோம்னு ஒப்பந்தத்துல சைன் பண்ணிட்டாங்க. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட் குடுக்கணுமாம். ஒன்பது வருஷமா குடுக்கலை. நீங்க எழுதிடுங்க சார்.”

“அந்த ஊரு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதேப்பா.”

“அதான் சார் நல்லது. பயாஸ் இருக்காது.”

பதினான்கு அமைச்சகங்களுக்குக் கேள்விப்பட்டியல் அனுப்பினேன். மீன்வளத்துறை மட்டும் பதில் போட்டது, அந்த வருட நண்டு விளைச்சலுடன். வேறு வழியில்லாமல் ஒரு மலைநாட்டின் பழைய அறிக்கையை எடுத்து, நாட்டின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டேன். அதனால் அந்தத் தீவில் பனிப்பொழிவுக் காலத்தில் கைதிகளுக்குக் கம்பளி வழங்கப்படுகிறது. கையெழுத்திட்ட அமைச்சர் உட்பட யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சுதந்திரமான மனித உரிமை ஆணையம் ஒன்று செவ்வனே இயங்கிவருகிறது என்ற வரியும் அப்படியே வந்துவிட்டது. பழைய ஐஸ் ஃபாக்டரி ஒன்றில் அவசரமாகப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். என் எழுத்தால் ஒரு நாட்டுக்கு ஓர் ஆணையம் கிடைத்தது. எல்லா எழுத்தாளருக்கும் இது வாய்க்காது.

அந்த ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் சர்வதேசக் குழு கேட்டிருந்த இருபத்து நாலாவது கேள்வி, துறைமுகத்து உப்புக் கிடங்கில் விசாரணையில்லாமல் எத்தனை பேர் அடைபட்டிருக்கிறார்கள் என்பது. முப்பத்தெட்டு பேர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த இடத்தை எந்த அமைச்சகமும் நிரப்பவில்லை, காலியாகவே இருந்தது.

அப்போதுதான் விஷாகா, திருமூர்த்தி அலுவலகத்தில் என் முகவரி வாங்கிக்கொண்டு வந்தாள். திருப்பூர்க்காரப் பெண், எடிசனில் மருந்துக் கம்பெனி வேலை. தம்பி மதன் அந்தத் தீவில் பனியன் ஃபாக்டரி மேனேஜர். வேலைநிறுத்தத்தைப் போனில் படம் பிடித்தானாம். இரண்டு வருடமாகக் கிடங்கில் இருந்தான்.

“அங்கிள், அவன் உள்ளதான் இருக்கான்னு ஒரு லைன் போடுங்க அங்கிள். ரிப்போர்ட்ல பேரு வந்துட்டா அவனை ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு லாயர் சொல்றாங்க.”

“இருபத்தோராயிரம் வார்த்தைதாம்மா கணக்கு. இப்பவே முட்டுது.”

“ஒரே வார்த்தை அங்கிள். மதன். இனிஷியல்கூட வேண்டாம்.” மேஜைமேல் இருந்த பிரதியைப் புரட்டினாள். “இந்தக் கம்பளியைத் தூக்கிடுங்க. அங்க எங்க அங்கிள் பனி பெய்யுது? கம்பளி நெய்யறது என்ன, தேங்கா நார்லயா?”

அந்த அறிக்கையை உண்மையில் படித்தவள் அவள் ஒருத்திதான். பெயர் வரும் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை.

வரைவை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத் திருமூர்த்தி கூப்பிட்டார். “சார், கிளையண்ட் செம ஹேப்பி. இருபத்து நாலாவது ஆன்சரைப் பாத்துட்டு, டூயபிள், செஞ்சுடலாம்னு சொல்லிட்டாங்க.” என் ஆங்கில நடையைத்தான் மெச்சுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தெட்டு பேரும் ஒரு படகில் ஏற்றப்பட்டார்கள். எந்தக் கரைக்கு என்று தெரியாது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. படகு மறுநாள் காலியாகத் திரும்பிவிட்டதாக மீன்வளத்துறை மட்டும், வழக்கம்போல் தாமதமில்லாமல், தெரிவித்திருந்தது. கிடங்கை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். உப்பு இருக்கிறது.

அறிக்கை நவம்பரில் இணையத்தில் வெளியானது. “உப்புக் கிடங்கில் மதன் உட்பட எவரும் தடுத்துவைக்கப்பட்டிருக்கவில்லை” என்பது என் வாக்கியம். அன்று சாயங்காலமே விஷாகா மைசூர்பாகு டப்பாவோடு வாசலில் நின்றாள்.

“அங்கிள், விட்டுட்டாங்களா? மதன் உள்ள இல்லைன்னு போட்டிருக்கே!”

“ஆமாம்மா. உள்ள இல்லை.”

“இன்னும் போன் வரலை. சிம் கார்டு வாங்கணும்ல, பாவம். கையில என்ன வச்சிருக்கப் போறான்?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். இரண்டு துண்டு சாப்பிட்டேன். நெய் கொஞ்சம் தூக்கல்.

இவ்வளவுதான். நடந்ததை எழுதுவது என் வேலை. எழுதியதை நடத்துவது வேறு யாருடைய வேலையோ, அதற்கு என்னிடம் கையெழுத்து வாங்காதீர்கள். தேதிகள் கேட்டீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். படகு கிளம்பியது அக்டோபர் ஒன்பது. அந்த வாக்கியத்தை நான் தட்டச்சு செய்து அனுப்பியது செப்டம்பர் பதினேழு.